அலோஹா தீவும் அளக்கத் தெரியாத நானும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்டி ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு ஒரு வரலாற்றுப் பதிவு. சோழர் பாண்டியர்னு பயந்துடாதீங்க, நான் சொல்லப் போறது வயர்லெஸ் வரலாறு. ஒரு டவர், அதைச் சுத்தி நிறைய வீடு, எல்லாருக்கும் பொதுவா ஒரே காத்து. அந்தக் காத்துல எவ்வளவு இடம் மிச்சம் இருக்குன்னு மனுஷன் அளக்கக் கத்துக்கிட்ட கதை. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன்.

படிச்சு முடிச்சதும் நான் சேர்ந்த முதல் வேலை, ஒரு சின்ன ஊர்ல வயர்லெஸ் இண்டர்நெட் கொடுக்குற கம்பெனி. ரைஸ்மில் மாடியில ஒரு டவர், அதுல ஒரு செக்டர் ஆண்டெனா, அதைப் பாத்தபடி ஊர் முழுக்க 22 மொட்டை மாடியில குட்டி ரேடியோ. என் வேலை கிராஃப் பாக்குறது. ஒரு சாயங்காலம் இ-சேவை மையம் வச்சிருக்குற அக்கா போன் பண்ணாங்க.

"தம்பி, பக்கமே ஏற மாட்டேங்குதுப்பா. காலேஜ் அப்ளிகேஷனுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாளு. நாலு புள்ளைங்க உக்காந்திருக்கு."

நான் கிராஃபைப் பாத்தேன். 35 சதவீதம். பச்சைப் பசேல்னு இருந்துச்சு.

"அக்கா, இங்க பாதி கூட ஓடலையே. உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது வைரஸ் இருக்கான்னு பாருங்க"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அக்கா ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிட்டு, மூணு பொண்ணுங்களை பஸ் ஏத்தி பக்கத்து டவுனுக்கு அனுப்பிட்டாங்க. நாலாவது பொண்ணை, இருட்டுன பிறகு வெளியூர் போகக் கூடாதுன்னு வீட்டுல விடல. அந்த வருஷம் அந்தப் பொண்ணு அப்ளை பண்ணல.

கிராஃப் பொய் சொல்லல. நான்தான் தப்பா படிச்சேன். இதுல வேடிக்கை என்னன்னா, அந்தத் தப்புக்கான பாடம் நான் பொறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே, 1970களிலேயே எழுதி வச்சாச்சு. அதைத் தேடிப் போனப்ப கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

சர்ஃபிங் ஆட வந்த புரொபசர்

நார்மன் ஆப்ரம்சன்னு ஒரு புரொபசர். ஸ்டான்ஃபோர்டுல இருந்தவர், அலைச்சறுக்கு மேல இருந்த ஆசையில ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறிட்டார். ஹவாய் ஒரு தீவுக்கூட்டம். பல்கலைக்கழகத்தோட தலைமை இடம் ஓஹூ தீவுல ஹோனலூலு பக்கத்துல மனோவா பள்ளத்தாக்கு. ஹிலோவுல ஒரு கல்லூரி, அது போக ஓஹூ, கவாய், மவுயி, ஹவாய்னு தீவுகள்ல சின்னச் சின்னக் கல்லூரிகள். கம்ப்யூட்டரோ மனோவாவுல, ஒரு பெரிய ஐபிஎம் 360. மத்தவங்க அதை எப்படித் தொடுறது? அந்தக் காலத்துல ஒரே வழி டெலிபோன் லைன். அதோட தரமும் சுமார், வாடகையும் அதிகம்.

இன்னொரு விஷயமும் ஆப்ரம்சனை உறுத்துச்சு. டெர்மினல்ல உக்காந்திருக்குற ஆள் ஒரு வரி தட்டுவார், யோசிப்பார், காபி குடிப்பார், மறுபடி ஒரு வரி தட்டுவார். லைன் முழு நேரமும் அவருக்குன்னு ஒதுக்கியிருக்கும், ஆனா பெரும்பாலும் சும்மா கிடக்கும். பேண்ட்வித் எவ்வளவு வீணாகுதுங்கிற கவலைதான் இந்தக் கதையோட முதல் விதை.

1968 செப்டம்பர்ல வேலை ஆரம்பிச்சது. அமெரிக்க ராணுவத்தோட ஆராய்ச்சி அமைப்பான ஆர்பா பணம் கொடுத்துச்சு. 1971 ஜூன்ல முதல் டெர்மினல் ரேடியோ வழியா பேசுச்சு. பேரு அலோஹாநெட். அலோஹான்னா ஹவாய் மொழியில வணக்கம்.

கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவுல ஒரு மினி கம்ப்யூட்டர் வச்சாங்க. அதுக்கு மெனஹூனேன்னு பேரு. ஹவாய்ப் பழங்கதையில ராத்திரியோட ராத்திரியா வந்து வேலையை முடிச்சுட்டுப் போற குள்ள மனுஷங்க அவங்க. அப்போ அர்ப்பாநெட்ல இதே மாதிரி வேலை பாத்த பெட்டிக்கு 'இம்ப்'னு பேரு, அதுக்கு குட்டிச்சாத்தான்னு ஒரு அர்த்தம் உண்டு. அதுக்குப் போட்டியா இவங்க தங்கள் ஊர்க் குள்ளரை இறக்கிட்டாங்க :-)

பந்தியும் ரசமும்

இனி டெக்னிக்கல் பகுதி. ஓடிடாதீங்க, கல்யாணப் பந்தியை வச்சே சொல்லிடறேன்.

ஒரு பந்தி. நடுவுல ஒரே ஒரு பரிமாறுறவர். சுத்தி நூறு இலை. பரிமாறுறவர் கையில மைக் இருக்கு, அவர் பேசினா எல்லாருக்கும் கேக்கும். அந்த மைக்ல அவர் ஒருத்தர் மட்டும்தான் பேசுறதால அங்க குழப்பமே இல்லை. இதுதான் டவர்ல இருந்து வீடுகளுக்கு வர்ற பாதை. அலோஹாநெட்ல இது 413.475 மெகாஹெர்ட்ஸ்.

பிரச்சினை எதிர்த் திசையில. சாப்பிடுறவங்க எல்லாரும் பரிமாறுறவரைக் கூப்பிடணும். அதுக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரே அலைவரிசை, 407.350 மெகாஹெர்ட்ஸ். ஒருத்தர் "ரசம்"ங்கிறார், அதே நொடியில இன்னொருத்தர் "மோர்"ங்கிறார். பரிமாறுறவர் காதுல ரெண்டுமே விழாது. ஓஹூவுல இருக்குற டெர்மினலுக்கு கவாய்ல இருக்குறவர் பேசுறது கேக்காதுங்கிறதால, முதல்ல காது கொடுத்துக் கேட்டுட்டுப் பேசுறதும் முடியாது.

ஆப்ரம்சன் கொடுத்த தீர்வு ரொம்ப எளிமை. தோணுறப்ப கத்து. பரிமாறுறவர் மைக்ல "சரி"ன்னு சொன்னா விஷயம் முடிஞ்சது. சொல்லலைன்னா மோதிடுச்சுன்னு அர்த்தம், கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கத்து. ஆனா எவ்வளவு நேரங்கிறது ஆளாளுக்கு வேற வேறயா இருக்கணும். ரெண்டு பேரும் சரியா பத்து நொடி காத்திருந்தா மறுபடியும் மோதத்தானே செய்வாங்க. வரிசை, டோக்கன், பேர் கூப்பிடுறதுன்னு எந்தத் தொல்லையும் கிடையாது.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படிக் கத்தினா எவ்வளவு வேலை நடக்கும்? கணக்குப் போட்டப்ப வந்த விடை 18.4 சதவீதம். 1ஐ ரெண்டு மடங்கு 2.718ஆல வகுத்துப் பாருங்க, 0.184. அந்த அலைவரிசை மொத்தமா சுமக்கக் கூடியதுல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்லை. அதுக்கு மேல எந்தக் கொம்பனாலயும் எடுக்க முடியாது.

அதுவே அவங்களுக்குப் போதுமா இருந்துச்சு. அலோஹா பாக்கெட் அதிகபட்சம் 704 பிட். அதுல 640 பிட் சரக்கு, மிச்சம் தலைப்பும் பிழை பாக்குற பிட்டும். வேகம் நொடிக்கு 9600 பிட். ஒரு பாக்கெட் போக 73 மில்லி நொடி. 18.4 சதவீதம்னா நொடிக்கு ரெண்டரை பாக்கெட். ஒரு ஆள் நிமிஷத்துக்கு ஒரு வரி தட்டுறார்னு வச்சுக்கிட்டா 150 பேர் ஒரே அலைவரிசையில காலம் தள்ளலாம். ஆளுக்கொரு டெலிபோன் லைன் போடுறதோட ஒப்பிட்டா இது கொள்ளை லாபம்.

13 சதவீத மர்மம்

இப்பதான் என் தலையில கொட்டு வைக்கிற இடம் வருது.

அந்தச் சமன்பாட்டை ஒரு நாள் ராத்திரி பேப்பர்ல வரைஞ்சு பாத்தேன். கத்தல் கம்மியா இருக்கிறப்ப, கத்துறது கூடக் கூட வேலையும் கூடுது. அலைவரிசை தாங்குறதுல பாதி அளவுக்குக் கத்துறப்ப உச்சம், அந்த 18.4. அதுக்கு மேல கத்தினா வேலை குறையுது. மோதல், மறுபடி கத்தல், அதனால இன்னும் மோதல்.

ரெண்டு புள்ளியைக் குறிச்சுக்கிட்டேன். கத்தல் 20 சதவீதமா இருந்தா நடக்குற வேலை 13.4 சதவீதம். கத்தல் 100 சதவீதமா இருந்தா நடக்குற வேலை 13.5 சதவீதம்.

மறுபடி படிங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எண். ஒண்ணு அமைதியான பந்தி, கேட்டது கிடைக்குது. இன்னொண்ணு அடிதடி, பாதிப் பேர் தொண்டை கிழியக் கத்திட்டு பசியோட உக்காந்திருக்காங்க. ஆனா சமையல்கட்டுல நின்னு எத்தனை கரண்டி ரசம் போச்சுன்னு மட்டும் எண்ணுறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். "13தான் ஓடுது, இடம் நிறைய இருக்கு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவார். யாரைச் சொல்றேன்னு புரியுதுல்ல? அவ்வ்வ்வ்...

இதை அப்பவே கவனிச்சவங்க இருந்தாங்க. 1972ல லாரி ராபர்ட்ஸ் ஒரு யோசனை சொன்னார். இஷ்டப்பட்ட நேரத்துல கத்தாம, தாளம் விழுறப்ப மட்டும் கத்துங்கன்னார். அதாவது நேரத்தைச் சம துண்டா வெட்டி, துண்டோட தொடக்கத்துல மட்டும் அனுப்பணும். இதனால அரைகுறை மோதல் ஒழிஞ்சு, உச்சம் ரெண்டு மடங்கா 36.8 சதவீதம் ஆச்சு. செல்போன் முதன்முதலா டவரைக் கூப்பிடுற இடத்துல இந்த வித்தை பின்னாடி ரொம்ப காலம் பயன்பட்டுச்சு.

ராபர்ட்ஸ் பத்தி ஒரு கிளைக்கதை. அவர்தான் ஆர்பாவுல அர்ப்பாநெட்டுக்குப் பொறுப்பு. ஆப்ரம்சன் அவரைப் பாக்கப் போயிருக்கார். எந்த ஊருக்கு என்னிக்கு இம்ப் பெட்டி போகுதுன்னு அங்க கரும்பலகையில ஒரு பட்டியல். ராபர்ட்ஸ் ஏதோ வேலையா வெளியே போன சமயம், நம்ம ஆள் பட்டியல்ல அலோஹான்னு எழுதி பக்கத்துல டிசம்பர் 17னு தேதியும் போட்டுட்டார். கொஞ்ச மாசம் கழிச்சு, பெட்டி வருது, தயாரா இருங்கன்னு ஹவாய்க்குப் போன். 1972 டிசம்பர்ல செயற்கைக்கோள் வழியா ஹவாய் அர்ப்பாநெட்டோட இணைஞ்சாச்சு. நம்ம ஆபீஸ்ல சர்வர் வாங்க மூணு லெவல் அப்ரூவல் கேக்குறாங்க, இதையெல்லாம் படிச்சா வயிறு எரியுது.

அடுத்து ராபர்ட் மெட்காஃப். ஆப்ரம்சனோட கட்டுரையைப் படிச்சவருக்கு ஒரு சந்தேகம். நாம கத்தினதுக்கு பதில் வரலைன்னா, அடுத்ததைக் கேக்க மாட்டோமே, காத்துக்கிட்டுத்தானே இருப்போம்? அதைக் கணக்குல சேத்துப் பாத்தார். மோதல் அதிகமானா காத்திருக்குற நேரத்தையும் கூட்டிக்கிட்டா, பந்தி அடிதடி ஆகாதுன்னு கண்டார். இது அவரோட ஹார்வர்டு ஆய்வேட்டுல வந்துச்சு. 1973 மே மாசம் அதையே ஒரு கேபிளுக்குள்ள கொண்டு வந்து ஈதர்நெட்னு பேர் வச்சார். அதுக்கு முன்னாடி அதுக்கு இருந்த பேருலயும் அலோஹா உண்டு.

இதே சமயம் லியோனார்ட் கிளைன்ராக்கும் அவரோட மாணவர் சைமன் லாமும் 1975ல இன்னும் கடுமையான விஷயத்தைச் சொன்னாங்க. கட்டுப்பாடு இல்லாத அலோஹா நல்லா ஓடிட்டே இருக்குற மாதிரி இருக்கும், திடீர்னு ஒரு கூட்டம் வந்தா அடிதடி நிலைக்குச் சரிஞ்சு, அங்கேயே கிடந்துடும். சரியாம பாத்துக்கணும்னா, பதில் கிடைக்காம எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு கவனிச்சு, அதுக்குத் தகுந்த மாதிரி கட்டுப்படுத்தணும். அதாவது போன ரசத்தை எண்ணாதே, பசியோட இருக்குறவனை எண்ணு. 1975லயே சொல்லிட்டாங்க மக்களே!

பச்சைக் கிராஃபின் பிறப்பு

அப்புறம் ஏன் நான் ரசத்தை எண்ணினேன்? அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1988ல எஸ்என்எம்பி வந்துச்சு. எந்தக் கம்பெனி கருவியா இருந்தாலும் ஒரே மொழியில "இதுவரை எத்தனை பைட் உள்ள வந்துச்சு, எத்தனை வெளிய போச்சு"ன்னு கேக்கலாம். 1994ல டோபியாஸ் ஓய்ட்டிக்கர்ங்கிறவர் இங்கிலாந்துல டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல இருந்தார். வெளியுலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அது எப்படி ஓடுதுன்னு எல்லாருக்கும் ஆர்வம். ஒரு குட்டி நிரல் எழுதி, அந்த எண்ணிக்கையைப் படிச்சு படமா வரைஞ்சு வலைப்பக்கத்துல போட்டார். 1995ல ஊருக்கே இலவசமா வெளியிட்டார். அதுதான் எம்ஆர்டிஜி. 1999ல அதே ஆள் ஆர்ஆர்டி டூல் கொடுத்தார். நெட்வொர்க் ஆளுங்க கிராஃப் பாக்குற பழக்கமே இதுலதான் பரவுச்சுன்னு சொன்னா மிகையில்லை.

அந்தக் கிராஃப்ல ரெண்டு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, அஞ்சு நிமிஷ சராசரி போதும்னு. ஒரு நிமிஷம் லைன் முழுசா அடைச்சு, நாலு நிமிஷம் சும்மா கிடந்தா கிராஃப் 20 சதவீதம்தான் காட்டும். ரெண்டாவது இன்னும் முக்கியம். சதவீதம்னா கீழ ஒரு எண் வேணும், எதுல இத்தனை சதவீதம்? 64 கிலோபிட் லைன்னா அது என்னிக்கும் 64தான், கம்பி சுருங்காது. வயர்லெஸ்ல அந்தக் கீழ் எண் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். மழை, மரம், பக்கத்து டவர் இரைச்சல்னு எது வந்தாலும் ரேடியோ தன் வேகத்தைக் குறைச்சுக்கும்.

2003ல பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் சிலர் இதை வைஃபையில காட்டினாங்க. ஒரு வைஃபைல ரெண்டு பேர். ஒருத்தர் நொடிக்கு 11 மெகாபிட், தூரத்துல இருக்குறவர் 1 மெகாபிட். வைஃபை ரெண்டு பேருக்கும் மாறி மாறி சம வாய்ப்பு கொடுக்கும், ஆனா சம நேரம் கொடுக்காது. 12000 பிட் அனுப்ப முதல் ஆளுக்கு 1.1 மில்லி நொடி, ரெண்டாவது ஆளுக்கு 12. மத்த செலவையெல்லாம் விட்டுட்டுக் கணக்குப் போட்டாலும், ஆளுக்கு 0.9 மெகாபிட்தான் கிடைக்கும். வேகமானவரும் மெதுவானவர் நிலைமைக்கு வந்துடுவார். பந்தியில, "ரசம்"னு ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிஷம் எடுத்துக்குற தாத்தா பக்கத்துல உக்காந்த மாதிரி.

இப்ப கிராஃப் என்ன காட்டும்? மொத்தம் 1.8 மெகாபிட், அதாவது 11ல 16 சதவீதம். ஆனா காத்து 100 சதவீதம் நிரம்பியாச்சு! 2005ல வந்த வைஃபை தர விரிவாக்கத்துல, "காத்து எவ்வளவு நேரம் பிஸியா இருந்துச்சு"ன்னு ஆக்சஸ் பாயிண்ட்டே அறிவிக்க ஒரு இடம் ஒதுக்கினாங்க. பைட்டை விட்டுட்டு நேரத்தை எண்ணணுங்கிறது அப்படித்தான் தரத்துக்குள்ள வந்துச்சு. ஏர்டைம்னு சொல்றது இதைத்தான்.

தேனிப் பக்கம்

நம்ம ஊரும் இந்தக் கதையில இருக்கு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுத்துப்பட்டு கிராமத்துக் கண் மையங்களையும் 2000களின் நடுவுல பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒண்ணு நீண்ட தூர வைஃபையால இணைச்சாங்க. டாக்டர் தேனியில, நோயாளி கிராமத்துல, நடுவுல வீடியோ. சாதாரண வைஃபை கிலோமீட்டர் கணக்கான தூரத்துல, பதில் வரக் காத்திருந்தே நேரத்தை வீணடிக்கும். அதனால நேரத்தைப் பங்கு போட்டு, பதிலையும் மொத்தமா அனுப்புற மாதிரி மாத்தினாங்க. 2007ல வந்த அந்தக் கட்டுரையை எழுதினவங்கள்ல லட்சுமிநாராயணன் சுப்ரமணியன், எரிக் ப்ரூவர் எல்லாம் உண்டு.

எனக்குப் பிடிச்சது 2008ல அவங்க எழுதின அடுத்த கட்டுரை. ரேடியோவை விட அவங்களைப் படுத்தினது கரண்ட்டும் கண்காணிப்பும்தான். மோசமான மின்சாரம் பெட்டியைக் கெடுக்கும். என்ன கெட்டுச்சுன்னு அந்த ஊர்ல இருக்குறவங்களுக்குச் சொல்லத் தெரியாது. வெளியில இருந்து உள்ள நுழைஞ்சு பாக்கவும் வழி இல்லை. அதனால பெட்டியே தன் நிலைமையை வெளியே அனுப்புற மாதிரி செஞ்சாங்க. இங்கயும் அதே பாடம்தான். நடு இடத்துல உக்காந்துக்கிட்டு கடைசி முனையோட கஷ்டத்தை ஊகிக்காதே, அந்த முனையையே பேச விடு.

மறுபடி அக்கா கடை

இதெல்லாம் படிச்சப்புறம் என் டவரோட ஏர்டைமை எடுத்துப் பாத்தேன். கருவி அதை முதல்ல இருந்தே எண்ணிக்கிட்டுத்தான் இருந்துச்சு, நான்தான் கேக்கல. சாயங்காலம் ஆறு மணிக்கு 97 சதவீதம். பைட் கிராஃப்ல அப்பவும் 35. ஊர்க் கடைசியில ஒரு தோப்பு வீடு, ரேடியோ வச்சதுக்கு அப்புறம் தென்னை வளந்து மறைச்சுடுச்சு. சிக்னல் போயி அது ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த வீட்டுப் பையன் சாயங்காலம் வீடியோ பாக்க உக்காந்தா, ஊர்ல பாதிக் காத்து அவன் ஒருத்தனுக்கே போயிடும். அவன் மேல தப்பே இல்லை. ஒரு உயரமான பைப் வச்சு ரேடியோவைத் தூக்கிக் கட்டினோம். ரெண்டு மணி நேர வேலை. அன்னிக்குச் சாயங்காலம் ஏர்டைம் 50க்குக் கீழ வந்துடுச்சு.

அன்னிக்கே அக்கா கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லக்கா, தப்பு எங்க பக்கம்தான்னு. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல.

"அது போகட்டும் தம்பி. அந்தப் புள்ள இந்த வருஷம் மறுபடி அப்ளை பண்ணுது. கடைசி நாள்ல லைன் ஓடுமா, அதை மட்டும் சொல்லு."

கடைசி நாள் அன்னிக்கு நான் டீ குடிக்கப் போகல. கிராஃப் முன்னாடியும் உக்காரல. அக்கா கடை பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். சாயங்காலம் நாலரை மணிக்கு அந்தப் பொண்ணோட அப்ளிகேஷன் ரசீது பிரிண்டர்ல இருந்து வந்துச்சு.

ஆப்ரம்சன் 2020 டிசம்பர்ல காலமானார். அவர் ஆரம்பிச்ச தோணுறப்பக் கத்துற வித்தை, ஏதோ ஒரு ரூபத்துல உங்க வீட்டு வைஃபையிலயும் ஓடிக்கிட்டு இருக்கு.

டிஸ்கி: பந்தி உதாரணம் கணக்குக்கு நூத்துக்கு நூறு பொருந்தாது, வாத்தியாருங்க அடிக்க வராதீங்க. உங்க ஊர்ல "கிராஃப்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்"ங்கிற வசனத்தைக் கேட்டு நொந்தவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க. வாங்கிக்கிறேன், கடன்பட்டவன் :-)